தேடினால் வராத பெயர்

— இஞ்ச பாருங்க அக்கா, வெப்சைட் செத்துப் போகல்ல. விலாசத்த முழுசா அடிச்சா வருது. இந்தா, உங்கட மகள்ற படம்.

— அது எனக்கும் தெரியும் தம்பி. விலாசத்த அடிச்சுப் பாக்கிறது ஆரு? நானும் சுவிஸ்ல இரிக்கிற என்ட தம்பியும்தான். நீ பேர அடிச்சுப் பாரு. அப்பதான் விளங்கும்.

— அடிக்கிறன். மேனுகா கனகசிங்கம், கல்குடா… ம். காணல்லயே. ஆர்றயோ கலியாண வீடு வருது, மறுகா ஒரு பள்ளிக்கூடம் வருது.

— முந்தி முதல் வாறது இதுதான். சுனாமிக்கு அடுத்த வருசம் என்ட தம்பி செஞ்சு தந்தவன். மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது எழுதுவாங்க. லொறியில ஏத்தின புள்ளயொண்டக் கண்டம், ஆசுப்பத்திரியில கண்டம் எண்டு. பொய்யோ மெய்யோ, எழுதுவாங்க. இந்தத் தை மாசத்தோட எல்லாம் நிண்டு போச்சு.

— அது வன்னியில சண்டை நேரம் அக்கா. சனம் அதப் பாத்திருக்கும்.

— அப்பிடித்தான் நானும் நெனச்ச. சண்டை முடிஞ்சு போச்சே! இன்னும் ஒரு எழுத்து வரல்லயே!

— வாழைச்சேனையில இல்லாத நெட் கடையா? இதுக்கு ஏன் ஏறாவூருக்கு பஸ் ஏறி வந்தீங்க?

— அங்க போனா ஊர் கதைக்கும். கடல் கொண்டுபோன புள்ளய இவள் கொம்பியூட்டரில தேடுறாள் எண்டு சிரிக்கும்.

— சிரிப்பாங்களா? அல்லாஹ்வே. வேற புள்ளயள் இல்லயா உங்களுக்கு?

— மூத்தவன் ஒருத்தன். கட்டாரில வேலை.

— கட்டாரில எங்க? நானும் அங்க இரிந்துதான் வந்த.

— அதெல்லாம் எனக்குத் தெரியா. நீ வேலையப் பாரு தம்பி. மேனுகாக்கு இப்ப ஒம்பது வயசு. எங்கயோ ஒரு வீட்டில வளந்தாலும் பள்ளிக்கூடம் போவாள். அங்க கொம்பியூட்டர் இரிக்கும். தன்ட பேர ஒருநாளைக்கு அடிச்சுப் பாப்பாள்தானே? நீ உன்ட பேர அடிச்சுப் பாத்ததில்லயா?

— ஆர்தான் பாக்காத?

— அண்டைக்கு அவள்ற படம் வரணும். அம்மா தேடுறா எண்டு வரணும். அதுக்குத்தான் வந்த.

— செரி அக்கா. இப்ப இப்பிடிப் பாப்பம். இந்த சைட்டுட பக்கம் என்னென்ன உன்னட்ட இரிக்கி எண்டு தேடித் தாற சேர்ச் மெசினிட்டயே கேக்கிறன். … ஒண்டுமில்லயாம். ஒரு பக்கம் கூட இல்ல.

— அப்பிடியெண்டா?

— பின்னுக்குப் போயிருந்தா கடைசியிலயாவது கெடக்கும். இது தூக்கி வெளியில போட்ட மாதிரி இரிக்கி. பொறுங்க, வேற ஒரு கம்பெனிட சேர்ச்சிலயும் பாக்கிறன். … இந்தா, இதில வருது! அப்ப சைட்டில பழுதில்ல. முதல் பாத்த கம்பெனிதான் தண்டனை குடுத்திருக்கி.

— தண்டனையா? புள்ளயத் தேடினதுக்கா?

— இல்லக்கா. சைட்டில ஏதும் கள்ள வேலை செஞ்சா அப்பிடிச் செய்வாங்க.

— கள்ள வேலையோ! நாலு வயசுப் புள்ளட படம் இரிக்கி. கையில அடுப்பு சுட்ட தழும்பெண்டு எழுதியிரிக்கி. எங்கட போன் நம்பர் இரிக்கி. இதில கள்ளம் எங்க? நீயே காட்டு!

— என்னை ஏசாதீங்க அக்கா, நானா தூக்கின? இஞ்ச அடியில பாருங்க. போன் நம்பரோட பக்கம் முடியணும். முடியுதில்ல. உருட்ட உருட்ட வெறும் வெள்ளையாப் போகுது. ஒண்டுமில்லாத இடம் இவ்வளவு நீளம் ஏன்? முழுப் பக்கத்தயும் பிடிச்சு நீலமாக்கிப் பாக்கிறன்… யா அல்லாஹ்!

— என்ன? என்ன தம்பி?

— எழுத்து. வெள்ளைப் பக்கத்தில வெள்ளை எழுத்து. எங்கட கண்ணுக்குத் தெரியா, மெசினுக்குத் தெரியும். ஒரே பேர், திருப்பித் திருப்பி, ஆயிரக்கணக்கில. சேர்ச்ச ஏமாத்தப் பாக்கிறாங்க எண்டு நெனச்சுத்தான் தூக்கியிருக்காங்க. ஆனா இது கொப்பி பண்ணி ஒட்டினதில்ல. இடைக்கிடை எழுத்துப் பிழை கெடக்கு. ஆரோ இருந்து ஒவ்வொண்டா அடிச்சிருக்காங்க.

— என்ட புள்ளட பேர ஆயிரம் தரம் எழுதினா அது களவா? என்ன ஞாயம் இது!

— மேனுகாட பேரில்ல அக்கா.

— பின்ன?

— நிலோஜன். … அக்கா? நிலோஜன் எண்டு ஆரும்…

— மூத்தவன்.

— கட்டாரில இரிக்கிறவர ஏன் அக்கா இப்பிடித் தேடுற?

— கொஞ்சம் தண்ணி தா தம்பி.

— இந்தாங்க. ஆறுதலாக் குடிங்க.

— அவன் கட்டாருக்குப் போகல்ல. டியூசன் முடிஞ்சு வந்தவன சண்டைக்கெண்டு இயக்கம் வேனில ஏத்திக்கொண்டு போச்சு. பதினாறு வயசு. தங்கச்சியக் கடல் கொண்டு போய் ஒரு வருசம் ஆகல்ல. வன்னியில நிக்கான் எண்டு ஒருக்கா கேள்விப்பட்ட. வைகாசிக்குப் பிறகு அதுவுமில்ல. ஊருக்குக் கட்டார் எண்டு சொன்னது என்ட மனிசன்தான். வீட்டில அவன்ட பேர எடுக்கக் கூடாதெண்டதும் அந்தாள்தான். வாய் தவறி வந்தாலும் சோத்துக் கோப்பைய வெச்சுப்போட்டு எழும்பிப் போவார். பெத்த புள்ளய மறந்த மனிசன் எண்டு நான் பேசாத பேச்சில்ல தம்பி.

— சைட்டுட பாஸ்வேர்ட் ஆரிட்ட இரிக்கி?

— சுவிஸ்ல தம்பியிட்ட. மறுகா அந்தாளிட்ட. பேப்பர் மில்லில டைப்பிஸ்டா இரிந்த மனிசன்… இஞ்ச, வாசல்ல வாறது அந்தாள்தானே!

— புஸ்பம்! இஞ்சயா இரிக்காய்? ஓட்டமாவடிப் பாலம் வரைக்கும் தேடிப்போட்டு வாறன். பாலத்தடிக் கடை ஸாலிஹாதான் சொன்னா, நீ ஏறாவூர் பஸ்ஸில ஏறினாயெண்டு. நெட் கடைக்குத்தான் வந்திருப்பாயெண்டு நெனச்ச.

— உள்ளுக்கு வாங்க. வந்து இதப் பாருங்க. இது ஆர் எழுதின?

— வா, வீட்ட போய்க் கதைப்பம்.

— கேக்கிறன்ல! சொல்லுங்க!

— நான்தான் புள்ள.

— நீங்களா?

— தை மாசம், வன்னியில சனம் சாகுதெண்டு ரேடியோ சொன்ன நேரம் துடங்கின. கோயிலுக்கு லட்சம் தரம் சாமிட பேர் எழுதுறெண்டு நேத்தி வெப்பமே, அதப்போல ஒரு நேத்தி. சாமிட பேருக்குப் பதிலா இவன்ட பேர். கொப்பியில எழுதினா, வீடு வீடாத் தேடுற ரவுண்டப்பில ஆமி எடுத்திரும். உன்ட தம்பி முந்தி ஒருக்கா சொன்னவன், எந்தப் பேர் கூடுதலா இரிக்கோ அதத்தான் சேர்ச் முன்னுக்குக் கொண்டு வருமெண்டு. வெள்ளையில எழுதினா ஆமியும் காணாது, ஊரும் காணாது. கடவுளும் மெசினும் மட்டும் காணுமெண்டு நெனச்ச.

— பின்னேரத்தில சந்தைக்குப் போறனெண்டு போனது இதுக்கா?

— ஓம்.

— என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே! கல்லு, கல்லு எண்டு உங்கள எத்தின நாள் பேசினன்! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா…

— சொன்னா நீ அழுவாய். அழுதா அயலுக்குக் கேக்கும். என்ன நடந்ததெண்டு வந்து கேப்பாங்க.

— அண்ணன், நான் ஒண்டு சொல்லணும். குறை நெனைக்காதீங்க. இந்த எழுத்தாலதான் மகள்ற பக்கத்தத் தூக்கியிருக்காங்க.

— என்ன தம்பி சொல்ற?

— ஆக்களுக்குத் தெரியாம மெசினுக்கு மட்டும் காட்டினா அது அவங்கட சட்டத்தில குத்தம். இத அழிச்சுப்போட்டு, பிழை விட்டிட்டம், திரும்பப் பாருங்க எண்டு எழுதிப் போடலாம். இன்ஷா அல்லாஹ், மன்னிச்சுச் சேப்பாங்க. இத வெச்சிருந்தா மேனுகாட பேர் வராது.

— என்னாலயா? சின்னவள்ற பேர் வராமப் போனது என்னாலயா?

— உங்களுக்குத் தெரியாதுதானே அண்ணன்.

— அழிச்சுவிடு தம்பி, பாஸ்வேர்ட நான் அடிச்சுத் தாறன். முழுக்க அழி. அவளாவது வரட்டும்.

— பொறு தம்பி! கைய எடு அதில இருந்து.

— புஸ்பம், வேற வழியில்ல.

— நீங்க பொறுங்க. தம்பி, ஒளிச்சு எழுதினதாலதானே தண்டனை? எல்லாருக்கும் தெரியிறாப்போல எழுதினா?

— ஒருக்கா எழுதினா ஒரு பிரச்சினையுமில்ல அக்கா.

— அப்ப அந்த ஆயிரத்தயும் அழி. மேனுகாட படத்துக்குக் கீழ, இவளுக்கு அண்ணன் ஒருத்தன் இரிக்கான், நிலோஜன், அவனையும் தேடுறம் எண்டு எழுது. கறுப்பில எழுது. தம்பி, நீ ஏறாவூர்ப் பொடியன். உன்ட கையால இந்தப் பேர எழுதச் சொல்ல எனக்கு வாய் கூசுது.

— தொண்ணூறில இயக்கம் எங்கட ஊர வெட்டின நேரம் என்ட காக்காவ, மூத்தவர, பறிகொடுத்த வீடுதான் அக்கா எங்கட. உம்மா இன்னும் அந்தப் பேரச் சொல்லித்தான் அழுறா. பதினாறு வயசில புடிச்சுக்கொண்டு போனதெண்டீங்க. புள்ளதானே அக்கா அவரும். சொல்லுங்க, நான் எழுதுறன்.

— உனக்கு விசரா புஸ்பம்? பேரக் கண்டா ஆமி வீட்ட வரும். ஆர் இவன், எங்க இவன் எண்டு கேக்கும்!

— வரட்டும். எந்த வாசல்ல போய்க் கேக்கிறெண்டு தெரியாமத்தானே இத்தின வருசம் இரிந்தம். அவங்களே வீடு தேடி வந்தா நானும் கேப்பன், என்ட புள்ள எங்க எண்டு.