அரை மணி பிந்திய இருபத்தொரு பேர்

தலைமை இருக்கையை அணிசெய்யும் பெருமதிப்பிற்குரிய இனாசியோ பரெட்டோ அவர்களே, இறந்தோர் நினைவுத் திருப்பலியை இன்று காலை நமக்காக நிறைவேற்றிய அருட்தந்தை அவர்களே, அரை நூற்றாண்டு அலைமேல் அடுப்பெரித்த மூத்தோரே, கணவனையும் மகனையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டுக் கடிதம் பார்த்தே கண் பூத்த தாய்மார்களே, நாளை கப்பலேற இரும்புப் பெட்டியோடு இந்தப் பம்பாய் விடுதியின் சுவரோரம் காத்திருக்கும் தம்பிமார்களே, பாஸ்கோல் மெனேசஸின் பணிவான வணக்கம்.

நம் ஊர்க் கடலோடிகளின் பெருமையைப் பேசு என்று என்னை மேடையேற்றினார்கள். பேசலாம். பேசிப் பேசித்தான் பதினேழு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். இன்று ஒரு பொய்யை உடைக்க வந்திருக்கிறேன். அந்தப் பொய்யை நம்பி வாழ்ந்தவர் இதோ முதல் வரிசையில் கறுப்புச் சேலையில் அமர்ந்திருக்கிறார். காயித்தான் ரெபெல்லோவின் மனைவி, எஸ்பெரான்சா அக்கா.

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடுங்கள் ஐயா. அன்று அந்தக் கப்பலில் பரிமாறும் எங்களுக்கெல்லாம் மேலாளாக, பட்லராக இருந்தவர் நீங்கள்தானே? உங்களுக்கும் தெரிந்த கதைதான் இது. முடித்துவிட்டே இறங்குவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. லண்டனிலிருந்து பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக் கப்பல். உணவுக்கூடத்திலும் சமையல்கட்டிலும் நம் ஊரார் இருபத்திரண்டு பேர். அவர்களில் காயித்தானை அறியாதவர் யார்? கடல் கொந்தளித்தால் மேசை விரிப்பில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கச் சொல்லித் தந்தவர் அவர். ஈர விரிப்பில் தட்டு நகராது. முதல் பயணத்தில் நான் ஒரு பெரிய மனிதரின் மடியில் சூப்பைக் கொட்டினேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். காயித்தான் சிரிக்கவில்லை. "டேய் பாஸ்கோல், துரை மன்னிச்சிட்டான். நான் மன்னிக்கல. போ, வெறுந்தட்டைத் தூக்கிட்டு இந்த நடையில நூறு தடவை நட" என்றார். நடந்தேன். அதன் பிறகு என் கை சிந்தியதில்லை.

ஏடனை விட்ட இரண்டாம் நாள். காற்றில்லாத கடல், கனல் கக்கும் கொதிகலன்கள். மாலையில் இரவு உணவுக்குத் தட்டு துடைத்துக்கொண்டிருந்த காயித்தான் அப்படியே சாய்ந்தார். டாக்டர் வந்து இமைகளை மூடினார். பிறகு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா தாய்மார்களே? அழுதோமா? அழ நேரமேது? அவர் துடைத்து வைத்த தட்டுகளிலேயே ஏழு வகை பரிமாறினோம். புன்னகையோடு பரிமாறினோம். ஒரு பயணிக்கும் தெரியாது.

இன்னும் மூன்றே நாளில் பம்பாய். உடலைக் கரை சேர்க்கக் கூடாதா என்று பட்லர் கேட்டார். குளிர் அறையில் பயணிகளின் இறைச்சி இருக்கிறது என்று பதில் வந்தது. விடியற்காலை ஐந்தரை மணி, கப்பலின் பின்முனை, பயணிகள் எழுந்து உலாவ வருமுன் உடலைக் கடலில் இறக்கி முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. சரி, எங்கள் கொங்கணியில் மன்றாட்டுப் பாடி அனுப்புவோம் என்று இருபத்தொரு பேரும் முடிவு செய்தோம்.

கிழக்கே வருகிற கப்பலில் கடிகாரத்தைத் தினமும் அரை மணி முன்னே தள்ள வேண்டும். மேற்கே போகும்போது கடல் தந்த தூக்கத்தைத் திரும்பும்போது தவணை தவணையாகப் பிடுங்கிக்கொள்ளும். கடிகாரம் திருப்புவது என் வேலை. உணவுக்கூடத்தில், புகைபிடிக்கும் அறையில், நூலகத்தில் என்று பயணிகளின் ஆறு கடிகாரங்களையும் அன்றிரவு பிசகாமல் திருப்பினேன். பிறகு காயித்தானுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்தேன். காலர் மடியவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன். நாங்கள் படுக்கும் அறையில் தொங்கிய ஏழாவது கடிகாரத்தை மறந்தேன்.

மறந்தவன் யார்? நான். ஊரான் நேரத்தை ஒழுங்காகத் திருப்பிவிட்டு உறவின் நேரத்தைத் தவறவிட்டவன் யார்? நான்.

வெள்ளுடுப்பில் வரிசையாக, ஜெபமாலையோடு, கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனைக்கு நடந்தோம். எங்கள் கணக்கில் ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கப்பலின் கணக்கிலோ ஆறுக்கு ஐந்து நிமிடம். அங்கே உடல்மேல் போர்த்தியிருந்த கொடியை மடித்துக்கொண்டிருந்தார்கள். பலகை வெறுமையாய்க் கிடந்தது. கடல் ஒன்றுமே நடவாதது போல் கிடந்தது.

மேல்தளத்து ஆட்களின் தலைவர், ரத்தினகிரி உஸ்மான் பார்கர், நாமெல்லாம் சாரங் என்று அழைக்கும் உத்தியோகம், என் தோளைப் பிடித்தார். "எங்கய்யா போயிட்டீங்க? அவரோட ஆளுங்க வருவாங்கன்னு ஆபீசர்கிட்ட கெஞ்சினேன். அஞ்சு நிமிஷம் நின்னாரு. அதுக்கு மேல நிக்கல. நானே பலகையப் புடிச்சேன். பேரச் சொல்லித்தான் அனுப்பினேன்" என்றார். நாங்கள் நின்றுகூட அழவில்லை. பயணிகளின் காலைத் தேநீர் ஏற்கெனவே பிந்திவிட்டது. அதற்கும் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அக்காவின் வாசலில் நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "யாரெல்லாம் நின்னீங்க பாஸ்கோல்?"

"எல்லாரும் நின்னோம் அக்கா. பாடினோம்" என்றேன்.

அன்பிற்குரியவர்களே, ஆறுதலுக்காகச் சொன்ன பொய் என்றுதான் நானும் நினைத்தேன். மற்ற இருபது பேரும் அதையே காத்தார்கள். போன மாதம் துறைமுகத்தில் உஸ்மான் பாயைப் பார்த்தேன். தாடி நரைத்துவிட்டது. "அந்தம்மாகிட்ட சொன்னீங்களா, பேரச் சொல்லித்தான் அனுப்பினேன்னு?" என்று கேட்டார். நாங்கள் நின்றோம் என்று சொன்னபோது, நின்றவரை அல்லவா நான் அழித்தேன்? நில்லாத இருபத்தொருவரை நிறுத்திவைக்க, நின்ற ஒருவரை நீக்கிவிட்டேனே! பிந்தியது பிழை. அதைக்கூடப் பொறுக்கலாம். இது திருட்டு.

அவர் இன்று வந்திருக்கிறார். நான்தான் அழைத்தேன். அதோ, கதவருகே நிற்கிறார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

கொஞ்சம் அமைதி. எஸ்பெரான்சா அக்கா எழுந்திருக்கிறார். வழி விடுங்கள் தம்பிமார்களே. என் பக்கம் வருவாரென்று நினைத்தேன். வரவில்லை. கதவை நோக்கிப் போகிறார்.

முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம். எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. நடுவில் நிற்கிற தம்பி, கேட்டதை உரக்கச் சொல்லப்பா. நான் ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்கிறேன்.

அக்கா கேட்கிறார்: "பேர மட்டுந்தான் சொன்னீங்களா?"

உஸ்மான் பாய் சொல்கிறார்: "இல்லம்மா. உங்க ஜெபம் எனக்குத் தெரியாது. அதனால, 'காயித்தான், உன் ஆளுங்க கீழ இருக்காங்க, வந்துக்கிட்டே இருக்காங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்'னு சொன்னேன். சொல்லிட்டுத்தான் பலகையச் சாச்சேன்."

இதை அவர் எனக்கும் சொன்னதில்லை, ஐயா. ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்கா இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். இது தம்பி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனைவருக்கும் கேட்டிருக்கும். "பாஸ்கோல், நீ எறங்கு. அங்க அவரு நிக்கட்டும்" என்கிறார்.

இறங்குகிறேன் அக்கா. பொறுமையோடு கேட்ட அவையோருக்கு நன்றி. மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கு நன்றி. எழுந்து நின்று வழி விடுங்கள். உஸ்மான் பாய், மேலே வாருங்கள், வணக்கம்.