பாவு மேல் காயப் போட்ட துண்டு

பிள்ளைகளே, நீங்களும் ஒரு நாள் வேறு ஊருக்குப் படிக்கப் போவீர்கள். அதனால் நேற்று வாலாஜாபாத் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியதை எழுதி வைக்கிறேன்.

"உன் வீட்ல குடியிருக்கற காலேஜ் பையன், எங்க பட்டுப் பாவு மேல ஈரத் துண்டைக் காயப் போட்டுட்டான்கா" என்றார் இளையவர். தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த நூலை, அவன் கொடிக்கயிறு என்று நினைத்துவிட்டானாம்.

"நூல் வீணாப் போச்சாம்மா?"

"நல்லவேளை, உடனே பார்த்து எடுத்துட்டேன். அவனைக் காலி பண்ணச் சொல்லுக்கா. தெருவே சொல்லுது."

"காலி பண்ணா படிப்பை விட்டுட்டு ஊருக்குத்தான் போவான். ஹாஸ்டலுக்குக் கட்ட அவங்க வீட்ல வசதி இல்ல. நான் கம்மி வாடகைக்கு விட்டதாலதான் படிச்சிக்கினு இருக்கறான்."

"அதுக்காக எங்க பொழப்பு மேல துண்டு காயப் போடுவானா?"

"தருமபுரிலேர்ந்து வந்த பையன் பாவை எங்கே பார்த்திருப்பான்மா? ஆறு மாசமா உன் எதிர்வீட்லதான் இருக்கறான். இதுதான் பாவுப்பான்னு ஒரு நாளாவது சொன்னியா?"

இளையவர் அக்காவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அவன் பேரு என்னக்கா?"

"எதுக்கு?"

"நாளைக்கும் பாவு போடறோம். கூப்பிட்டுக் காட்டணும்னா பேரு தெரிய வேணாமா?"