பழைய டேப்லெட்டின் கூரை

— ஃபேனை நிறுத்துங்க சார், ஃபோல்டர் சீட்டெல்லாம் பறக்குது.

— நிறுத்திட்டேன் மேடம். ஒண்ணு மேசைக்கு அடியில போயிடுச்சு. எதுன்னு பார்க்கறேன்... 'போன் திரை'.

— அதைப் போன் பக்கம் வையுங்க. நான் பொறுப்பேத்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. ஆனா இந்த ஆப் மாதிரி குழப்பமான ப்ரோக்ராம் கோட் நான் பார்த்ததே இல்லை. கோவிச்சுக்காதீங்க.

— எதுக்குக் கோவம்? பதினோரு வருஷமா ஒத்தை ஆளா எழுதினது. குழப்பம்னு நீங்க மரியாதையா சொல்றீங்க.

— அதான் ஒவ்வொரு ஃபோல்டர் பேரையும் சீட்டுல எழுதிப் பரப்பிட்டேன். கம்ப்யூட்டர்ல பார்த்தா எனக்குத் தலை சுத்துது. சரி, அடுத்தது. மழைச் சத்தம் உண்டாக்குற பகுதி. போன் ஃபோல்டர்லயும் இருக்கு, டிவிலயும் இருக்கு, கம்ப்யூட்டர்லயும் இருக்கு. ஒரே கோட், மூணு இடத்துல.

— அவசரத்துல காப்பி எடுத்து ஒட்டினது. அது பொது ஃபோல்டருக்குப் போகணும். மழை எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம். கூரைதான் வேற வேற.

— புரியலை.

— தகரத்து மேல விழுந்தா ஒரு சத்தம், ஓட்டு மேல விழுந்தா இன்னொரு சத்தம். ஆனா மேகத்துக்கு அதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குப் பெய்யும். போன், டிவி, வாட்ச் எல்லாம் கூரைன்னு வெச்சுக்கோங்க.

— இது நல்லா இருக்கே. பொது ஃபோல்டர் மழை, மத்ததெல்லாம் கூரை. புதுசா சேர்றவங்களுக்கு இதையே எழுதி வெச்சிடறேன். சார், தூங்கிட்டீங்களா?

— இல்லை மேடம். வெளியிலயும் மழை பிடிச்சுக்கிச்சு பாருங்க. மத்தியானம் மூணு மணிக்கு இந்த இருட்டு. சோதனைக்கு நம்ம ஸ்பீக்கர்ல ஓடுற மழை எது, ஜன்னல்ல பெய்யறது எதுன்னு பிரிச்சுப் பார்த்துட்டு இருந்தேன்.

— எது எது?

— தெரியலை. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடுச்சு.

— ஜனங்களைத் தூங்க வைக்கிற ஆப் எழுதப்போய் நீங்கதான் முதல்ல தூங்கறீங்க. சரி, அடுத்தது. 'பழைய டேப்லெட்'. இதை எந்தப் பக்கமும் வைக்க முடியலை. அந்த டேப்லெட்டைச் செய்யறதையே நிறுத்தி எட்டு வருஷம் ஆகுது. குப்பைக்கூடை உங்க காலடியில இருக்கு, தள்ளி விடுங்க.

— அந்தச் சீட்டை என்கிட்ட கொடுங்க மேடம்.

— கசக்காதீங்க சார், என்ன ஆச்சு? மூணு வாரமாவே நீங்க சரியில்லை. லீவு விண்ணப்பத்துல காரணம்கிற இடத்துல, 'போய்ப் பார்த்தாதான் தெரியும்'னு எழுதியிருக்கீங்க. அப்படியே கையெழுத்துப் போட்டேன், என்னன்னு கேட்கலை. இப்ப கேட்கறேன்.

— இன்னிக்குச் சாயங்கால ரயில்ல போறேன். என் அண்ணன் வீட்டுக்கு.

— போன் பண்ணிட்டீங்களா?

— பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு.

— சொந்த அண்ணன்கிட்டயா?

— சொந்த அண்ணன்தான். சின்ன வயசுல ஒரே அறை, ஒரே போர்வை. மேல தகரம். மழை பெஞ்சா நான் பயப்படுவேன். அது உன்னை ஒண்ணும் பண்ணாது, எத்தனை சொட்டு விழுதுன்னு எண்ணுடான்னு சொல்வார். இருபது எண்ணறதுக்குள்ள தூங்கிடுவேன். இந்த ஆப்பே அதுலேர்ந்து வந்ததுதான்.

— அப்புறம் ஏன் பேச்சு நின்னுச்சு?

— அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, தூக்கம் வராம. நான் இங்க ஆப்போட முதல் ரிலீஸுக்கு ராவும் பகலுமா உழைச்சிட்டு இருந்தேன். ஒரு டேப்லெட் வாங்கி, மழையைப் போட்டு, கூரியர்ல அனுப்பினேன். நான் போகலை, டேப்லெட் போச்சு. அண்ணன் அதை அம்மா தலைமாட்டுல வெச்சுட்டு, வாடான்னு மூணு நாள் கூப்பிட்டார். ரிலீஸ் முடியட்டும்னேன். முடிஞ்சுது. நான் போய் நின்னப்போ எல்லாமே முடிஞ்சிருந்தது. கதவைத் திறந்து, உன் ரிலீஸ் நல்லபடியா போச்சான்னு கேட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

— அந்த டேப்லெட்தான் இந்த ஃபோல்டரா?

— ஆமா. மாசாமாசம் ஆப்போட புது ரிலீஸ் போன உடனே, எந்த வகை மெஷின்ல எத்தனை பேர் இறக்கிக்கிட்டாங்கன்னு சர்வர் காட்டும் இல்லையா? ஆள் பேர் வராது, எண்ணிக்கை மட்டும்தான். போன் லட்சக்கணக்குல இருக்கும். பழைய டேப்லெட்டுன்னு ஒரு வரி இருக்கும், அதுல முதல்ல அம்பது அறுபது இருந்தது. வருஷாவருஷம் குறைஞ்சு குறைஞ்சு, கடைசியில ஒண்ணுல நின்னுச்சு. நாலு வருஷமா அந்த ஒண்ணு மாறவே இல்லை.

— அது உங்க அண்ணன்தான்னு எப்படித் தெரியும்?

— தெரியாது மேடம். ஆனா மாசத்து முதல் வெள்ளிக்கிழமை ரிலீஸை அனுப்பிட்டு, டீயை ஆற வெச்சுட்டு அந்த வரியையே பார்த்துட்டு இருப்பேன். ஒண்ணுன்னு விழும். சரி, அண்ணன் இருக்கார்னு நினைச்சுப்பேன். அதுக்கப்புறம்தான் டீ இறங்கும்.

— இந்த மாசம்?

— சைபர். மூணு வாரமா சைபர்தான். நீங்க என்னை வாட்ச் ஃபோல்டர் வேலையில போட்டிருந்தீங்க, நான் உட்கார்ந்தது முழுக்க அந்த வரிக்கு முன்னாடிதான். போன வாரம் ஒரு கனவு. இந்த ஃபோல்டரெல்லாம் அறை அறையா ஒரு வீட்டுல இருக்கு. ஒவ்வொண்ணாத் திறக்கறேன். போன் அறையில கூட்டம், டிவி அறையில சிரிப்பு. கடைசி அறையில கட்டில் இருக்கு, நாற்காலி இருக்கு, மழை மட்டும் ஓடிட்டு இருக்கு. நாற்காலியில ஆள் இல்லை.

— சார்...

— போன் போட்டுப் பார்க்கவும் தைரியம் இல்லை. எடுக்கறது வேற யாராவதா இருந்து, நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றது? எனக்குப் பயமா இருக்கு மேடம்.

— சார், கொஞ்சம் உட்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும். இந்த மாச ரிலீஸை அனுப்பினது நான்.

— தெரியும்.

— எந்தெந்த மெஷினுக்கு அனுப்பணும்கிற பட்டியல்லேர்ந்து பழைய டேப்லெட்டை எடுத்துட்டுத்தான் அனுப்பினேன். ஃபோல்டரை அழிக்கலை, பேரை மட்டும் எடுத்தேன். ஒரு ஃபோல்டர் தேவையா இல்லையான்னு தெரியலைன்னா நான் இப்படித்தான் செய்வேன். எடுத்துட்டு, யாராவது கத்தறாங்களான்னு ஒரு மாசம் பார்ப்பேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு.

— அப்போ அந்த சைபர்...

— நாம அனுப்பலை, அதான் யாரும் இறக்கலை. உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலை சார். ஆகியிருந்தாலும் அந்த சைபர் அதைச் சொல்லலை. தண்ணி குடிங்க. அழுதா அழுங்க, கதவைச் சாத்திடறேன்.

— வேண்டாம். இந்தச் சத்தத்துல யாருக்கும் கேட்காது. மேடம், யாராவது கத்தினாங்களா?

— கத்தலை. ஆனா புகார்ப் பிரிவுலேர்ந்து ஒரு மெயில் எனக்கு வந்தது, பழைய டேப்லெட்டைப் பத்தி. பேர் போடலை. முதல் வரியை மட்டும் படிச்சுட்டு ஒதுக்கி வெச்சுட்டேன். இருங்க, திறக்கறேன்.

— நீங்களே படிங்க. எனக்குக் கண்ணாடி நனைஞ்சிருக்கு.

— 'ஐயா, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இந்தப் பெட்டியில் ஒரு சின்ன மணி அடிக்கும். புதிது வந்திருக்கிறது என்று எழுத்து ஓடும். பதினோரு வருஷமாகத் தவறியதே இல்லை. இந்த மாதம் மணி அடிக்கவில்லை. எனக்குப் புதிது ஒன்றும் வேண்டாம், மழை பழையபடி நன்றாகத்தான் பெய்கிறது.'

— மேல படிங்க மேடம்.

— 'இந்தப் பெட்டிக்குள் மழையை எழுதி அனுப்புகிறவன் என் தம்பி. அவன் நன்றாக இருக்கிறானா என்று மட்டும் ஒரு வரி போட்டால் போதும். நான் கேட்டேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம்.'