திண்டுக்கல்லில் மழை பெய்தால்

நெய்வேலியில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்த புதிது. திண்டுக்கல் பஸ் நிலையத்தில், திருச்சி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவன் அங்கே பாய்லர் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். வழியனுப்ப சித்தையன்கோட்டையிலிருந்து வந்திருந்த மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"நம்மூர்ல மழை பெஞ்சா அங்க எனக்குத் தெரிஞ்சிரும்" என்றான்.

நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"அதெப்படி?" என்றாள் அவள்.

"மழை பெஞ்சா இந்தப் பக்கம் அம்புட்டுப் பேரும் கிணத்து மோட்டாரை நிப்பாட்டிருவாங்க. கரண்டு செலவாகாது. உடனே எங்களை நெருப்பைக் குறைக்கச் சொல்லுவாங்க."

"அணைச்சிட்டா என்ன?"

"மறுபடி சூடேத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். அணைக்கவும் முடியாம எரிக்கவும் முடியாம கெடந்து அல்லாடுவோம்."

"நான் சோத்துப்பானையை வைக்கோலுக்குள்ள வச்சு மூடுறேன்ல? நீங்க எப்ப வந்தாலும் சூடா இருக்குல்ல? அது மாதிரி அந்தச் சூட்டை எடுத்து வைக்கக் கூடாதா?"

"அம்புட்டுப் பெரிய பானை இன்னும் யாரும் செய்யலை, புள்ள."

கண்டக்டர் விசில் ஊதினார்.

"அப்ப மழை பெஞ்சா என் நெனப்பு வரும்?"

"வரும்."

"மழையே இல்லாட்டி?"

பஸ் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல நம்ம மோட்டாரைச் செத்த நேரம் நிப்பாட்டுறேன்."

"ஒத்தை மோட்டாரு அங்க தெரியாது, புள்ள."

"தெரியாட்டிப் போகுது. நீங்க நெருப்பைக் கொஞ்சம் கொறைங்க."