பூசையில வச்ச கம்ப்யூட்டர்

சுபா: கம்ப்யூட்டர்ல பொட்டு எடம் மாறியிருக்கு. அம்மா மானிட்டருக்கும் பெட்டிக்கும் நட்ட நடுவுல வச்சுச்சு. பெட்டியில வச்சது அழிஞ்சு, இப்ப ஓரமா வேற பொட்டு இருக்கு. மொதல்ல அதச் சொல்லு.

அழகு: மெதுவாப் பேசுக்கா... அப்பா முழிச்சுக்கும்.

சுபா: மொட்டமாடியில பேசுறது கீழ கேக்காது. அதுவும் அவர் கொறட்ட விடுற வேகத்துக்கு... அழகுராஜா!

அழகு: முழுப் பேரச் சொல்லிக் கூப்புடாதக்கா.

சுபா: தொட்டியா?

அழகு: ...தொட்டேன்.

சுபா: ஆயுத பூசைக்கு வச்ச சாமான நாளைக்குக் காலையில அப்பா எடுத்துக் குடுக்குற வரைக்கும் தொடக்கூடாதுன்னு சொன்னாகளா இல்லையா? மம்பட்டி இருக்கு, அருவா இருக்கு, உன் கணக்கு புஸ்தகம் இருக்கு. அம்புட்டயும் விட்டுட்டு அது மேல ஏன்டா கைய வச்ச?

அழகு: கைய வச்சது மட்டும் இல்லக்கா... மூடியக் கழட்டிட்டேன்.

சுபா: அடப்பாவி.

அழகு: கழட்டி... பிராசஸர மாத்திட்டேன்.

சுபா: அதோட மூளையவேவா?

அழகு: ஆமாக்கா. திட்டணும்னா திட்டிரு.

சுபா: பிராசஸர் ஏதுடா உனக்கு?

அழகு: சுருளியண்ணே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில. யாரோ ஒருத்தரு கழட்டிப் போட்டது, பென்டியம் த்ரீ. நம்மளது பழைய செலரான்ல... மூளைய மாத்துனா ஆளே மாறிருவான்டான்னு சொன்னாரு.

சுபா: சும்மாவா குடுத்தாரு?

அழகு: என் கர்ணப் புறா ஜோடியக் கேட்டாரு.

சுபா: குடுத்துட்டியா? பள்ளிக்கூடம்கூடப் போகாம அதுகளப் பாத்துக்கிட்டுக் கெடந்தியேடா!

அழகு: வேற என்ன செய்ய? நாளைக்கு எழுமலையிலருந்து உன்னயப் பொண்ணு பாக்க வாராக. மாப்ள மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனி. அப்பா என்ன சொல்லி வச்சிருக்காரு? 'எம்மகளுக்குப் பாட்டுக் கீட்டு வராது, கம்ப்யூட்டரப் போட்டு எதக் கேட்டாலும் செஞ்சு காட்டும்'னு...

சுபா: ஆமா. திருப்பரங்குன்றம் பூராவும் சொல்லியாச்சு.

அழகு: நம்ம டப்பா தொறக்குறதுக்குள்ள மாப்ள ரெண்டு தட்டுக் கேசரி தின்னு, கைகழுவிட்டு வந்துருவாரு. சிரிக்க மாட்டாரா?

சுபா: அப்ப எனக்காகத்தான் செஞ்ச?

அழகு: உனக்காகத்தான்.

சுபா: என் தலையில கை வச்சுச் சொல்லு.

அழகு: ...நீ கட்டிக்கிட்டுப் போயிட்டா கம்ப்யூட்டர் எனக்குன்னு அப்பா சொன்னாரு. அதுவும் கொஞ்சம்.

சுபா: அப்படி வா வழிக்கு. எம்புட்டு கொஞ்சம்?

அழகு: கொஞ்சம் கூடத்தான்... சிரிக்காதக்கா, நானே செத்துக்கிட்டிருக்கேன்.

சுபா: சரி, மாட்டுனியே, போட்டுப் பாத்தியா?

அழகு: ஃபேன் ஓடுது. லைட்டு எரியுது. மானிட்டர் மட்டும் கருப்பாவே கெடக்கு.

சுபா: சத்தம் ஏதும்...?

அழகு: ஐயோ, அத ஏன் கேக்குற! நீளமா ஒரு கூவல். நிப்பாட்டும், மறுபடி கூவும். போர்வையப் போட்டு அமுக்கிப் புடிச்சேன். யாரோ தொண்டையில கால வச்சு மிதிக்கிற மாதிரியே இருந்துச்சு.

சுபா: கம்பி கிம்பி வளஞ்சிருச்சா? பிராசஸர் அடியில குட்டிக் குட்டியா இருக்குமே?

அழகு: ஒண்ணுகூட வளையல. டார்ச் அடிச்சுப் பாத்தேன். சூடு ஏறாம இருக்க சுருளியண்ணே குடுத்த வெள்ளப் பசையக்கூட அவர் சொன்ன மாதிரியேதான் தடவுனேன்.

சுபா: பசைதானா? பக்கத்துல இருந்த சந்தனத்த எடுத்துத் தடவிட்டியா?

அழகு: வெளையாடாதக்கா!

சுபா: பழசத் திருப்பிப் போட்டுப் பாத்தியா?

அழகு: போட்டேன். அப்பவும் அதே கூவல்தான்.

சுபா: அப்பவுமா?

அழகு: அதான் பயமா இருக்குங்குறேன்! பழசும் செத்துருச்சு. இது சாமி குத்தம்க்கா. பூசையில இருக்கும்போது வயித்தக் கிழிச்சிட்டேன்ல...

சுபா: சரஸ்வதிக்குப் பென்டியம் புடிக்காதாக்கும்?

அழகு: உனக்குக் கிண்டல்.

சுபா: நீ மாத்துறதுக்கு முன்னாடி ஓடுச்சாடா அது?

அழகு: எப்படிப் பாக்குறது? முன்னாடி வெளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் படுத்தப்புறம்தான் தூக்கவே முடிஞ்சுது. நல்லா ஓடுறதத்தான பூசைக்கு வைப்பாக?

சுபா: ம்ம்... சரி, பிராசஸருக்குப் பக்கத்துல நீளமா ரெண்டு பள்ளம் இருந்துச்சுல்ல?

அழகு: இருந்துச்சு. காலியா. பின்னாடி ஏதாச்சும் சொருகுறதுக்கு விட்டு வச்சிருப்பாக போலன்னு நெனச்சேன்.

சுபா: கெட்டிக்காரன்.

அழகு: ஏன் கேட்ட?

சுபா: சும்மாத்தான். போயிப் படு. காலையில பாத்துக்கலாம்.

அழகு: என்னத்தப் பாக்குறது? அம்புட்டுப் பேரும் உக்காந்திருப்பாக. நீ சேலையக் கட்டிக்கிட்டு வந்து பட்டன அமுக்குவ. அது ஊளையிடும். அப்பா மொகம் எப்படி ஆகும்? மாப்ளயோட அம்மா ஒரு வார்த்த சொல்லாதா?

சுபா: சொல்லட்டுமே.

அழகு: எம்.சி.ஏ. படிக்கிறேன்னதுக்கு அப்பா ஒத்துக்கலன்னு மூணு நாளு சோறு திங்காம கெடந்த. இப்பத்தான் மனசு மாறிச் சிரிச்ச மொகமாச் சேலையெல்லாம் அயர்ன் பண்ணி வச்சிருக்க. அது என்னால கெட்டுப்போகணுமா? முடியாதுக்கா. நான் இப்பவே அப்பாவ எழுப்பிச் சொல்லப் போறேன்.

சுபா: டேய், நில்லு!

அழகு: அடிச்சா அடிக்கட்டும். விடியுறதுக்குள்ள சுருளியண்ணே வீட்டுக்குப் போயி அவரக் கூட்டியாந்துட்டா...

சுபா: அவரக் கூட்டியாராத!

அழகு: ஏன்? அவரு பாத்தார்னா ரெண்டு நிமிசத்துல என்ன கோளாறுன்னு சொல்லிருவாரு.

சுபா: அதுக்குத்தான் சொல்றேன். கைய உதறாத... அழகு, எறங்காத. அப்பா உன் தோல உரிச்சிருவாரு.

அழகு: உரிக்கட்டும்.

சுபா: சம்பந்தம் போனாப் போகுதுடா. நான் பாத்துக்குறேன். கரண்டுதான் சரியில்லன்னு சொல்லிக்கிறேன். உன் பேரே வராது.

அழகு: யக்கா... எனக்காக நல்ல மாப்ளய விட்டுக் குடுக்குறியா? உனக்கு ஏன்க்கா இம்புட்டு நல்ல மனசு? நான் கம்ப்யூட்டருக்கு ஆசப்பட்டு நீ போகணும்னு நெனச்சேன்... நீ போயி எனக்காகத் தியாகம்...

சுபா: அழுகைய நிறுத்து. தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேத்து ராத்திரி, அம்மா பூசைக்குப் பாத்திரம் வெளக்கப் போனப்ப அந்தப் பள்ளத்துல இருந்த ரேம், அதான் மெமரிப் பட்டை, அதக் கழட்டுனது நாந்தான். என் வளையல் டப்பாவுல பஞ்சு சுத்தி இருக்கு. அது இல்லாட்டி எந்தப் பிராசஸரப் போட்டாலும் கூவத்தான் செய்யும். கம்ப்யூட்டர்கூடப் போடத் தெரியாத பொண்ணுன்னு நாளைக்கு அவுக எந்திரிச்சுப் போகட்டும்... நீ போயி அந்தப் பென்டியத்தையே மறுபடி மாட்டி வையி. எம்.சி.ஏ.வுக்குப் பழசு தாங்காது.