சிறையெழுத்தில் போன அறிக்கை

யிங்: முத்திரையை உடைக்காத! கையை எடுடா சுவோ, உடைக்காத!

சுவோ: ஏண்டா கத்துற? மேலிடத்துலேருந்து பதில் வந்திருக்கு. அஞ்சல்காரன் குதிரை வாசல்ல நுரை தள்ளிக்கிட்டு நிக்குது. பிரிச்சுப் படிக்காம மடியில போட்டுத் தாலாட்டவா?

யிங்: கொஞ்சம் இரு... கொஞ்சம்...

சுவோ: எங்கடா இருக்கிறது? ஜன்னல் வழியா பாரு. காவலாளிங்க தலையெண்ண ஆரம்பிச்சாச்சு. முரசு அடிச்சா கைதிக் கூட்டம் வடக்கே மதில் கட்டுற வேலைக்குக் கிளம்பிடும். மூணாவது வரிசையில ஹுவான் நிக்கிறா, இடுப்புல குழந்தையோட.

யிங்: பாத்தேன். அதான் பயமா இருக்கு.

சுவோ: உனக்கெதுக்குப் பயம்? கிடங்குல தினை திருடினது அவ இல்லன்னு ஆயிடுச்சு. கிடங்குக் காவக்காரன் தாவ், தானே திருடினதா ஒத்துக்கிட்டான். நீ அறிக்கை எழுதின, நான் கட்டு கட்டி, களிமண் முத்திரை வச்சேன். போச்சு, பதிலும் வந்திருச்சு. தள்ளு.

யிங்: நான் ஒண்ணு சொல்லணும். திட்ட மாட்டேன்னு சொல்லு.

சுவோ: திட்டுவேன். சொல்லு.

யிங்: மேலிடத்துக்குப் போகவேண்டிய கட்டு... அரசெழுத்துல எழுதினது... அது நம்ம அலமாரியிலதான் இருக்கு.

சுவோ: அப்ப போனது?

யிங்: நமக்குன்னு எழுதி வைக்கிற நகல்.

சுவோ: டேய்... நகலை நீ எதுல எழுதுவ?

யிங்: எதுல எழுதுவேன்... எல்லாரும் எழுதுற மாதிரிதான்...

சுவோ: சிறையெழுத்துலயா? மேலிடத்துக்குச் சிறையெழுத்துலயா அறிக்கை அனுப்பியிருக்கோம்? அடப்பாவி! ஆறு நாட்டை அடக்கி, இனிமே எல்லாருக்கும் நம்ம அரசெழுத்து ஒண்ணுதான்னு பேரரசர் ஆணை போட்டு முழுசா அஞ்சு வருஷம் ஆகல. நீ கைதிப் பட்டியல் கிறுக்குற கையால...

யிங்: கிறுக்கல்னு சொல்லாத!

சுவோ: பின்ன என்னன்னு சொல்றது? ஓவியமா?

யிங்: மாத்தி வச்சுட்டேன், அது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா கிறுக்கல் இல்ல. "சூரியன்"னு எழுதணும், அரசெழுத்துல என்ன பண்ணுவ? வட்டம் போட்டு நடுவுல ஒரு கோடு. மூங்கில் பட்டையில வட்டம் போட்டுப் பாரு! நார் தூரிகையை இழுத்துக்கிட்டு எங்கேயோ போகும். சுரண்டணும், திரும்ப எழுதணும், திரும்பச் சுரண்டணும். சிறையெழுத்துல நாலு கோடு, ஒரு பெட்டி, நடுவுல ஒரு குச்சி. முடிஞ்சுபோச்சு!

சுவோ: சூரியன் சதுரமாடா இருக்கு?

யிங்: படிக்கிறவனுக்குப் புரியுதில்ல! அப்புறம் "ஆறு"ன்னு எழுதணும். அரசெழுத்துல தண்ணி ஓடுற மாதிரி வளைச்சு நெளிச்சு மூச்சைப் பிடிச்சு வரையணும். இதுல ஓரமா மூணு சொட்டு. டொக், டொக், டொக்! அவ்வளவுதான் தண்ணி!

சுவோ: சந்தோஷத்தைப் பாரு. தலை போகப்போகுது, இவன் சொட்டு வைக்கிறான்.

யிங்: கடைசிக் கோடு இருக்கே... அதைக் கொஞ்சம் அழுத்திட்டு, வெளிப்பக்கமா இழுத்து விட்டேன்னு வை, தூரிகை தானா கிளம்பி வால் மாதிரி ஓடும்டா. யாரும் சொல்லிக் குடுக்கல. வேகத்துல வந்தது.

சுவோ: எனக்குப் பாடம் நடத்தாத. பதினாலு வயசுலேருந்து அரசெழுத்து எழுதுறேன். என் தூரிகை அந்தக் கண்றாவியைத் தொட்டதே இல்ல.

யிங்: தெரியுமே. உன் கையெழுத்தைத்தான் இந்த எழுத்தர் கூடம் முழுக்கக் கோயில் மாதிரி கும்பிடுறாங்களே.

சுவோ: கிண்டலா? மேலிடத்துல ஒருத்தன் "இது என்ன எழுத்து, முறையில்ல"ன்னு திருப்பி அனுப்பியிருந்தான்னா, இந்தக் களிமண்ணுக்குள்ள அதுதான் இருக்கும். திரும்ப எழுதி, திரும்ப அனுப்பி, திரும்பப் பதில் வர்றதுக்குள்ள ஹுவான் பாலைவனம் தாண்டிப் போயிருப்பா. போனவங்க யாராவது திரும்பி வந்து பாத்திருக்கியா?

யிங்: இல்ல...

சுவோ: அந்தக் குழந்தை அவ்வளவு தூரம் தாங்குமாடா?

யிங்: சுவோ... இன்னொண்ணும் இருக்கு.

சுவோ: இன்னுமா?

யிங்: மாத்தி வச்சுட்டேன்னு சொன்னேனே... அது பொய். தெரிஞ்சேதான் வச்சேன்.

சுவோ: ஏண்டா?

யிங்: அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள குதிரை கிளம்பணும்னு சொன்னாங்க. முப்பத்தெட்டுப் பட்டை எழுதணும். நீர்க்கடிகாரம் பாதி வடிஞ்சப்ப நான் ஒன்பதாவது பட்டையில இருந்தேன். அலமாரியில இருக்கிற கட்டைப் பிரிச்சுப் பாரு, மேல ஒன்பது பட்டைதான் எழுத்து. உள்ள அத்தனையும் வெறும் மூங்கில்.

சுவோ: ம்.

யிங்: என்ன ம்? திட்டேன்!

சுவோ: முடிச்சுட்டியா, இல்ல இன்னும் இருக்கா?

யிங்: இருக்கு. அதைத்தான் மூணு நாளா சொல்லாம வச்சிருக்கேன். சிறையெழுத்துலயே விழுந்தடிச்சு எழுதினேன். முப்பத்துநாலாவது பட்டை முடிக்கிறேன், குதிரைக்காரன் வெளிய சத்தம் போடுறான். கட்டி உன் மேசையில வச்சுட்டு ஓடிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோத்துல கை வைக்கிறப்பதான் உறைச்சுது. தாவோட வாக்குமூலம்... அதை நான் எழுதவே இல்ல.

சுவோ: அந்தக் கட்டை இப்படித் தள்ளு.

யிங்: கேட்டியா? நீ சிறையில உக்காந்து அவன் வாயால வாங்கினியே, அந்த வாக்குமூலம்! கடைசி நாலு பட்டை! அது இல்லாம அந்த அறிக்கை வெறும் புலம்பல். "இவள் திருடவில்லை"ன்னு நாம சொன்னா ஆச்சா? திருடினவன் சொன்னது எங்கேன்னு கேப்பாங்க. எழுத்தை மன்னிச்சாலும் இதை மன்னிக்க மாட்டாங்க. நான்தான் அவளைக் கொன்னுட்டேன் சுவோ...

சுவோ: கண்ணைத் துடை. முத்திரையைப் பாரு. உடையாம இருக்கா?

யிங்: நீ ஏன் திட்ட மாட்டேங்கிற?

சுவோ: முத்திரை உடையாம வந்துச்சுன்னு ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். பாருன்னா பாரு.

யிங்: உடையாமதான் இருக்கு.

சுவோ: சரி. உடை. நீயே உடை.

யிங்: என்னால முடியாது...

சுவோ: உடைடா, முரசடிக்கிறவன் மேல ஏறிட்டான்!

யிங்: கயிறு... முடிச்சு வர மாட்டேங்குது... கத்தி குடு, கத்தி! ம்... வந்துருச்சு. பிரிக்கிறேன்... ஐயோ.

சுவோ: என்ன? என்ன ஐயோ?

யிங்: சுவோ!

சுவோ: சொல்லித் தொலையேன்!

யிங்: சிறையெழுத்துடா! மேலிடத்துக்காரன் சிறையெழுத்துல பதில் எழுதியிருக்கான்டா!

சுவோ: போடா!

யிங்: உன் கண்ணால பாரு! இங்க பாரு, சூரியன்... பெட்டி! தண்ணி... மூணு சொட்டு! ஐயோ, இந்த வாலைப் பாரேன், என்னை விட நீளமா இழுத்து விட்டிருக்கான்! அங்கேயும் ஒரு யிங் இருக்கான்டா!

சுவோ: வாலை அப்புறம் ரசி! விஷயத்தைப் படி!

யிங்: "அறிக்கை கண்டோம். ஹுவான் என்னும் பெண்மீது குற்றம் இல்லை. இவ்வுத்தரவு கண்டதும் விடுக." விடுக! விடுகன்னு போட்டிருக்குடா!

சுவோ: முரசு! முரசடிக்கிறான்! ஜன்னலைத் திற!

யிங்: காவலரே! ஓய், காவலரே! நிறுத்துங்க! கதவைத் திறக்காதீங்க! உத்தரவு வந்தாச்சு! மூணாவது வரிசை... குழந்தை வச்சிருக்கிற பொண்ணு... ஆமா, அவளேதான்! வெளிய கொண்டாங்க! உத்தரவு என் கையில இருக்கு, கொண்டுவர்றேன்!

சுவோ: காதுல விழுந்துச்சா அவனுக்கு?

யிங்: விழுந்துச்சு! வரிசையை விட்டு நகர்த்திட்டான். ஐயோ, அவ அப்படியே தரையில உக்காந்துட்டா... குழந்தை அவளைப் பாத்துச் சிரிக்குது. சுவோ, வந்து பாரேன்!

சுவோ: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

யிங்: நீ அழுறியா?

சுவோ: மை அரைச்ச தூசிடா. மீதியையும் படி. முழுசாப் படிக்காம உத்தரவைக் கொண்டுபோய்க் குடுக்கக் கூடாது.

யிங்: படிக்கிறேன்... "கிடங்குக் காவலன் தாவ் தன் வாயால் கூறிய வாக்குமூலம், கடைசி நான்கு பட்டைகளில் தெளிவாக உள்ளது. அதுவே..."

சுவோ: அதுவே?

யிங்: "அதுவே போதுமானது." இரு... இரு. எந்த நாலு பட்டை?

சுவோ: போட்டிருக்கில்ல, கடைசி நாலு.

யிங்: நான் எழுதலையே! முப்பத்துநாலோட நிறுத்திட்டேனே!

சுவோ: அப்படியா?

யிங்: என்ன அப்படியா? சுவோ, என் மூஞ்சியைப் பாரு. அந்தக் கட்டைக் கட்டினது நீ. பிரிச்சுப் பாத்தியா?

சுவோ: உள்ள என்ன இருக்குன்னு பாக்காம களிமண் வைக்க நான் என்ன கூஜா செய்யிறவனா?

யிங்: அப்ப உனக்கு எல்லாம் தெரியும்! சிறையெழுத்துல இருந்தது, வாக்குமூலம் இல்லாதது, எல்லாமே! தெரிஞ்சுக்கிட்டேயா என்னை இவ்வளவு நேரம் அந்தக் கிழி கிழிச்ச?

சுவோ: மூணு நாளா நீ வாயைத் திறக்கல. கோபம் வராதா?

யிங்: சரி, அந்த நாலு பட்டையை எப்ப எழுதின? குதிரைக்காரன் வாசல்ல நிக்கிறான். அரசெழுத்துல நாலு பட்டைன்னா உனக்கே சாயங்காலம் ஆகுமே?

சுவோ: நான் எங்க எழுதினேன்? சிறையில எழுதின பட்டையையே எடுத்துச் செருகிட்டேன்.

யிங்: சிறையில, அவன் பேசுறப்ப எழுதினதா? அப்ப அது அரசெழுத்துல இருந்திருக்கும். மேலிடத்துக்காரன் ஒரே கட்டுல ரெண்டு விதமா எழுத்து இருக்கேன்னு கேட்டிருக்க மாட்டானா?

சுவோ: நீ இன்னும் இங்கேயா நிக்கிற? உத்தரவைக் கொண்டு ஓடு, அவ காத்துக்கிட்டிருக்கா.

யிங்: சொல்லு, ஓடுறேன். தாவ் பேசப் பேச நீ எதுல எழுதின?

சுவோ: சிறையெழுத்துலதான்டா! அவன் அழுது அழுது கொட்டுறான், நான் சூரியனுக்கு வட்டம் போட்டு முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் அழுகையை நிறுத்துய்யான்னா சொல்ல முடியும்? எட்டு வருஷமா, விசாரணைன்னா அந்தக் கண்றாவியிலதான் எழுதுறேன்... வால் உன்னுதை விட நல்லாவே வரும்!