கால் படாத மண்

பாத்தி ஓரம் வெட்டுவதற்கு மழை விட்ட மறுநாள் காலைதான் தோதான நேரம். மண் ஈரமாகவும் இருக்கும், காலில் ஒட்டவும் செய்யாது. இரண்டு முளை அடித்து நூல் கட்டி, அரைவட்ட வாய் உள்ள மண்வெட்டியை நூலோரமாக வைத்து ஒரு மிதி மிதித்தால், புல் கேக் துண்டுபோலக் கழன்று வரும். துரை பங்களாவில் பார்த்துப் படித்துக்கொண்டேன். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு இதெல்லாம் என்ன வேலை என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு அவர்களே விருந்தாளிகளை அழைத்துவந்து என் குவாட்டர்ஸ் வாசலைக் காட்டினார்கள்.

எல்லாரும் வெளியே வந்தபோது உங்கள் மனைவி மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி கேட்கவேண்டிய கேள்விதான், எனக்குக் கோபமில்லை. ஆனால் பதிலை அந்தப் பாத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரஷாந்தினி கேகாலை டவுனில் வளர்ந்தவள். தெரணியகலைக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில், நான் ஆபீஸுக்குப் போனதும் சந்தியில் இருக்கும் கபூர் நானா கடைக்குப் போய்விடுவாள். அவர் மனைவி ஸுபைதாவோடு பேசிக்கொண்டு நிற்பாள். தப்பான பெண் இல்லை. சிரித்த முகம், அவ்வளவுதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவளைக் காப்பாற்றுவது என் பொறுப்பாயிற்று.

வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. மற்ற மூன்று பக்கமும் பாத்தி போட்டேன், ஒரு ஆள் தாண்டிக் குதிக்க முடியாத அகலத்தில். நடுவில் செவ்வந்தியும் குரோட்டனும். இரண்டு ஓரமும் நூல் பிடித்து வெட்டி, ஓரத்தை ஒட்டி வெறும் மண்ணை மாவுபோலச் சலித்துப் பரப்பினேன். நடப்பதற்கு ஒரு பலகை. காலையில் வேலைக்குப் போகும்போது அதைத் தூக்கி வெளிப்பக்கம் சாய்த்துவிடுவேன். ஆடு வரும் என்று அவளிடம் சொன்னேன். ஆட்டுக்கு எதற்குப் பலகை என்று அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

பூட்டுப் போடவில்லை. ஜன்னலை அடைக்கவில்லை. அவள் கையில் போன் இருந்தது. யாரும் யாரையும் சிறை வைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் வந்ததும் பாத்தியை ஒரு சுற்றுப் பார்ப்பேன். மண்ணில் கால்தடம் இல்லையென்றால் உள்ளே போய் அவள் கையால் தேநீர் குடிப்பேன். எனக்கும் அது லேசான வாழ்க்கை இல்லை, ஐயா. பலகையை எடுத்தேனா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடாது.

ஒரே ஒரு முறை தடம் இருந்தது. அவள் அம்மாவுக்கு சுகமில்லை என்று கேகாலைக்குப் போய், நான் வருவதற்குள் திரும்பிவிட்டிருந்தாள். நான் திட்டவில்லை. கை நீட்டும் பழக்கமே எனக்குக் கிடையாது. தடம் பட்டால் ஓரம் கெட்டுவிடும், புதிதாக வெட்ட வேண்டும், விஷயம் அவ்வளவுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூன்று பக்கமும் வெட்டினேன். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் வெயிலில் குனிந்து நின்றாள். நூல் தளர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. காலையில் தொடங்கியது, பொழுது சாய்ந்தும் முடியவில்லை. கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டாள். இன்னும் ஒரு பக்கம்தானே என்றேன். அன்றைக்கு அவள் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் பலருக்கும் அப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னார். அதற்குப் பிறகு பாத்தியில் தடம் விழவே இல்லை.

மேடு சரிந்த அன்று தோட்ட வேலையாக இரத்தினபுரிக்குப் போயிருந்தேன். மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் போன் வந்தது. த்ரீவீலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு கிராம சேவகர் வந்ததாகவும், எல்லாரையும் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னதாகவும் பிரஷாந்தினி சொன்னாள்.

“என்னங்க, பின்னால மேட்டுல தண்ணி செவப்பா வருது. லயத்து வீட்டு ஆளுங்கல்லாம் போயிட்டாங்க. ஸுபைதா அக்கா ரோட்டுல நின்னு கூப்பிடுறாங்க. நான் மண்ணுல கால் வெச்சுப் போகவாங்க?”

“நான் வந்துகிட்டு இருக்கேன். அது வரைக்கும் இரு,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஸுபைதா போன் எடுத்தார்.

“கிளாக்கர் மாத்தயா, பலகய நானே போட்டுட்டன். அப்பயும் புள்ள வாறா இல்ல. ஒங்கட வாயால ஒரு சொல்லு சொல்லுங்கொ.”

நான் பக்கத்தில் வந்துவிட்டேன், நீங்கள் போங்கள் என்று சொன்னேன். இவ்வளவும் ஸுபைதா உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் சொன்னது பொய் இல்லை. அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு எதிரே வளைவில் இருக்கும் பஸ் நிறுத்தத்தின் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கிருந்து என் வாசல் நன்றாகத் தெரியும். ஓடினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

போகத்தான் இறங்கினேன். ஆனால் நான் இல்லாதபோது அவள் எப்படி இருக்கிறாள் என்பதை இத்தனை வருஷமும் மண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஸுபைதா அழுதுகொண்டே போனார். பிரஷாந்தினி பையை அணைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு காலை அதன்மேல் வைத்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு காலை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குத் திரும்பிப் போய், சுவரோடு ஒட்டி நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே நான் கூப்பிட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஐயா. மேடு இறங்கி வீடு மறைந்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது பிறகு. முதலில் மனது நிறைந்து போயிற்று. பலகை போட்டிருந்தும் அவள் வரவில்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.